ராக்கெட் லாரியும் மூடின தொட்டியும்

ராக்கெட் லாரி தெருவுக்குள் நுழைந்தால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். அடுத்து ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்து வைக்க வேண்டும். பிறகுதான் நிலவறைக்கு ஓட வேண்டும். அந்தத் தெருவில் பல் துலக்குவதைப் போல இது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தவர் கண்ணாடிக் கடைக்காரர்தான். மூடிய ஜன்னல் அதிர்ச்சியில் நொறுங்கிவிடும், திறந்த ஜன்னல் ஆடிவிட்டு நின்றுவிடும் என்பார். "தன் தொழிலுக்குத் தானே குழி வெட்டினவன் இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

லாரி என்று வாய் சொல்லிவிடுகிறது. பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. எட்டுச் சக்கரம், சப்பையான மூக்கு, முதுகில் ஒட்டி ஒட்டி இரண்டு இரும்புப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தேனடை போலக் குழாய்கள், குழாய்க்கு ஒரு ராக்கெட். தீர்ந்துபோனால் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். காலிப் பெட்டியை அப்படியே கழற்றி வைத்துவிட்டு, கூடவே வருகிற கிரேன் லாரியிலிருந்து முழுப் பெட்டியைத் தூக்கி மாட்டிவிடுவார்கள். கிட்டே போவதற்கு ஒரு பெட்டி, தூரம் போவதற்கு வேறு பெட்டி. முதல் முறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்த லாண்ட்ரிக்காரியின் நாத்தனார், "அட, காலி சிலிண்டரைக் கொடுத்துட்டு புது சிலிண்டர் வாங்குற மாதிரில்ல இருக்கு" என்றாள்.

லாரியைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. லாரி போன பிறகு வருகிற பதிலுக்குத்தான் பயம். ராக்கெட் எங்கிருந்து கிளம்பியது என்று எதிர்ப்பக்கத்துக் கருவிகள் கண்டுபிடித்துவிடும், உடனே அதே இடத்துக்குக் குண்டு வரும். அதற்குள் லாரி தன் இரும்புக்கால்களை மடக்கிக்கொண்டு பறந்துவிடும். லாரிக்குச் சக்கரம் இருக்கிறது. தெருவுக்கு இல்லையே.

லாண்ட்ரிக்காரியின் கணவன் போனது அப்படித்தான். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடுகிற முற்றம் அந்த வட்டாரத்திலேயே அகலமானது. லாரி அங்கேதான் வந்து நின்றது, சுட்டது, போனது. எல்லோரும் நிலவறையில் இருந்தார்கள். அவன் மட்டும், "ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் கொடியில கிடக்கு, மண்ணு பட்டா மறுபடி துவைக்கணும்" என்று மேலே ஏறினான். எந்த வேலையையும் முழுதாக முடிக்காத மனுஷன், அன்றைக்கென்று பார்த்து ஒரு வேலையை முழுதாக முடிக்கப் போனான்.

அது நடந்து அடுத்த கோடையில் லாரி மறுபடியும் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள் லாண்ட்ரிக்காரி. முற்றத்துப் பக்கம் கதவு அதிர்ந்தது. கொடிக் கம்பிகளை யாரோ அறுக்கிற சத்தம் கேட்டது.

கைக்குப் பழகியபடி அடுப்பை அணைத்தாள், ஜன்னல்களைத் திறந்தாள். நிலவறைக்குப் போகவில்லை. போக முடியாது. பின்னறைக் கட்டிலில் நாத்தனார் கிடந்தாள். கணவனுக்கு மூத்தவள், அவனைத் தூக்கி வளர்த்தவள். சோப்புத் தண்ணீரில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டிருந்தாள்; உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். அவளை அசைக்கவே கூடாது என்றிருந்தார் டாக்டர். நிலவறைப் படியோ பாதியில் திரும்புகிற குறுகல் படி. கட்டிலோடு இறக்க ஒருமுறை முயன்று பார்த்தார்கள். திருப்பத்தில் கட்டில் மாட்டிக்கொண்டது, நாத்தனார் போட்ட கூச்சலில் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"வந்துட்டானுங்களா?" என்றாள் நாத்தனார். அவள் கட்டிலுக்கு நேரே இருந்தது முற்றத்து ஜன்னல்.

"வந்துட்டாங்க அக்கா."

"சரி, நீ கீழே போ."

"போகலை."

"போடின்னா போ. ரெண்டு பேரும் செத்தா இந்த வீட்டுல விளக்கேத்த யாரு இருக்கா?"

"நீங்க பேசாம படுங்க. நான் போய்க் கேட்டுப் பார்க்குறேன்."

"கேட்டா? யாரைக் கேப்ப? ராக்கெட்டையா?"

முற்றத்தில் லாரி பின்பக்கமாக வந்து நின்றிருந்தது. மீசை சரியாக முளைக்காத இளம் அதிகாரி ஒருவன் காதில் ரேடியோவை அழுத்திக்கொண்டு நின்றான். வண்டியோட்டி நடுவயதுக்காரர், தொந்தி சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் நாலு மூலையிலும் இரும்புக்கால்களை இறக்கும் விசையைப் பிடித்திருந்தார். சுடும்போது லாரி ஆடிவிடாமல் அந்தக் கால்கள்தான் தாங்கும்.

"சார்," என்றாள் லாண்ட்ரிக்காரி. "உள்ளே நோயாளி இருக்காங்க. எழுந்திருக்க முடியாது. வேற இடம் பார்த்துக்கங்க சார்."

"அம்மா, எனக்கு வந்த உத்தரவு இந்த இடத்துக்கு. கொஞ்ச நேரத்துல முடிச்சுட்டுப் போயிடுவோம்."

"நீங்க போயிடுவீங்க. அதைத்தான் நானும் சொல்றேன்."

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கெட்டவன் முகமில்லை. தூக்கமில்லாத முகம். கையை உயர்த்தி வண்டியோட்டிக்குச் சைகை காட்டினான்.

உஸ்ஸென்று கால்கள் இறங்கின. முன்னால் இரண்டும் டொக்கென்று உட்கார்ந்தன. பின்னால் ஒன்று உட்கார்ந்தது. நாலாவது கால் தரையைத் தொட்டது, ஒரு மூச்சு நின்றது, பிறகு 'களுக்'கென்று ஏதோ விழுங்கப்பட்டதுபோல் பூமிக்குள் இறங்கியது. லாரி முக்கியது, முனகியது, அந்த மூலைக்குச் சரிந்தது. பின்சக்கரம் ஒன்றும் கூடவே பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. இரும்புப் பெட்டிகள் இரண்டும் வானத்தை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்தன.

முதலில் வாயைத் திறந்தது ஜன்னலுக்குள்ளிருந்து நாத்தனார்தான்.

"அது தொட்டிடி! என் தம்பி மூடின தொட்டி!"

லாண்ட்ரிக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. துவைக்கிற மெஷின் வாங்குவதற்கு முன்னால் துணி ஊறவைக்க முற்றத்தில் ஒரு தொட்டி இருந்தது. மெஷின் வந்ததும் கணவன் அதை மூடினான். நாலு லோடு கல்லும் மண்ணும் கொட்டி, மேலே கம்பி கட்டி, சிமென்ட் போட்டு இறுக்கிவிட்டதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவளும் இத்தனை வருஷம் அதன் மேல்தான் நடந்தாள், கூடையை வைத்தாள், துணி உதறினாள். தொட்டி என்ற ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது. போன வருஷம் வந்த லாரி நாலடி தள்ளி நின்றிருக்க வேண்டும்.

"சார், இந்தச் சாய்வுல சுட முடியாது," என்றார் வண்டியோட்டி. "சுடுற மெஷினே ஒத்துக்காது. நகரவும் முடியாது. கால் மேல வராது."

லாண்ட்ரிக்காரியின் நெஞ்சு ஒரு நிமிஷம் லேசாயிற்று. சுட முடியாது என்றால் பதிலும் வராது. அந்த நிம்மதி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. அதிகாரி வானத்தைப் பார்த்த விதத்தில் அது கரைந்துபோனது. மேலே எங்கேயோ, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், கொசு ரீங்காரம் போல ஒன்று கேட்டது. வேவு பார்க்கிற குட்டி விமானம். சுடவே வேண்டாம். இவ்வளவு பெரிய லாரி வெட்டவெளியில் சாய்ந்து கிடப்பதை அது பார்த்தாலே போதும்.

கண்ணாடிக் கடைக்காரர் நிலவறையிலிருந்து எப்போது ஏறி வந்தார் என்று தெரியாது. வாசலில் நின்று முழுவதையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, விருந்தாளியை உட்கார வச்சுட்ட. இனி எழுப்புறது கஷ்டம்."

"அண்ணா, கேலி பேச இதுவா நேரம்? உள்ளே துவைச்ச விரிப்பு கூடை கூடையா இருக்கு. ஆளுங்களைக் கூப்பிடுங்க."

"விரிப்பா? எதுக்கு?"

"காயப்போட."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் தெருவே மேலேறி வந்தது. அறுந்த கம்பிகளை முடிந்து, வீட்டுக் கூரையிலிருந்து எதிர்ச் சுவருக்கு லாரியின் தலைக்குமேல் இழுத்துக் கட்டினார்கள். ஆஸ்பத்திரி விரிப்புகள், ஓட்டல் மேஜைத் துணிகள், யாரோ ஒரு மணமகளின் நீளமான வெள்ளை உடைகூட. ஈரத்தோடு, நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கின. மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது லாண்ட்ரி. எந்த நாளும் அங்கே அதைத்தான் பார்த்திருப்பான். துணிக்குக் கீழே, வெளிச்சம் பால்போல் வடிந்த நிழலில், சிப்பாய்கள் தலை குனிந்து வேலை செய்தார்கள். சோப்பு வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வந்தன.

பாரத்தைக் குறைத்தால்தான் லாரியைத் தூக்க முடியும் என்றார் வண்டியோட்டி. தெருமுனையில் காத்திருந்த கிரேன் லாரி வந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தூக்கியது. அதன் முதுகில் ஏற்கெனவே மாற்றுப் பெட்டிகள் இருந்ததால் வைக்க வேறு இடமில்லை. முற்றத்தில் கெட்டி என்று நம்ப முடிந்தது வீட்டுச் சுவரோரம் மட்டும்தான். பெட்டிகள் ஆடி ஆடி வந்து, சரியாக நாத்தனாரின் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தன.

"அடப்பாவிகளா!" என்று கத்தினாள் நாத்தனார். "ராக்கெட்டுக்குப் பயந்து ஒதுங்கிக் கிடக்குறவ கட்டிலுக்குப் பக்கத்துலயே கொண்டாந்து ராக்கெட்டை வைக்கிறீங்களே!"

"பயப்படாதீங்கம்மா," என்றார் வண்டியோட்டி. "லாரியில மாட்டாத வரைக்கும் இது வெறும் பெட்டி. தூங்குற குழந்தை மாதிரி."

"குழந்தையாம். நீ எத்தனை பெத்த?"

"மூணும்மா. மூணும் பொண்ணு."

"அதான் தொந்தி போட்டிருக்கு. நல்லா ஆக்கிப் போடுறாளுங்க."

தொந்திக்காரர் சிரித்துக்கொண்டே பள்ளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தார். எழுந்தபோது சிரிப்பு இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கலாம், ஆனால் ஜாக்கிக்குக் கீழே கனமான பலகை வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து இறங்கிவிடும் என்றார்.

தெருவில் கதவுகளும் கட்டில் கால்களும்தான் இருந்தன. கனமான பலகை ஒரே இடத்தில்தான் இருந்தது. இஸ்திரி மேஜை. ஒரே மரத்தில் அறுத்த பலகை, கை அகலத்துக்குக் கனம். அதன் மேல், கணவன் நின்று வேலை செய்த பக்கத்தில், வரிசை வரிசையாக இஸ்திரிப் பெட்டிச் சூட்டுத் தழும்புகள். பேசிக்கொண்டே இஸ்திரி போட்டு, பேச்சு சுவாரசியத்தில் பெட்டியை மறந்து வைத்த தழும்புகள் அத்தனையும்.

அதிகாரி அதைப் பார்த்துவிட்டான். "அம்மா, அந்த மேஜை வேணும்."

லாண்ட்ரிக்காரி மேஜையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்படி உட்காரப்போவது அவளுக்கே அதுவரை தெரியாது.

"தர்றேன். வண்டி மேல வந்ததும் நீங்க கிளம்பிடணும். இங்கேர்ந்து சுடக் கூடாது."

"அது என் கையில இல்லம்மா. வண்டி நேரானதும் பெட்டியை மாட்டிட்டு உத்தரவை நிறைவேத்தணும். தொட்டியை விட்டுட்டு அந்தப் பக்கமா நிறுத்திக்குவோம்."

"அப்போ மேஜை இல்லை."

"ஆளை விட்டு எடுத்துக்க எனக்குத் தெரியும்."

"எடுங்க," என்றாள். "என்னையும் சேர்த்து ஜாக்கிக்கு அடியில வைங்க."

கண்ணாடிக் கடைக்காரர் வந்து மேஜையின் மறுமுனையில் உட்கார்ந்தார். பாரம் தாங்காமல் மேஜை முனகியது. "இவரு உட்கார்ந்தா மேஜைக்குத்தான் ஆபத்து" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். ஒரு சிப்பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அதிகாரி சிரிக்கவில்லை.

ரீங்காரம் நெருங்கி வந்து, தூரமாகப் போயிற்று.

"சரி," என்றான் அதிகாரி. குரல் இறங்கியிருந்தது. "தொட்டி எவ்வளவு பெரிசு? எங்கேர்ந்து எதுவரைக்கும்?"

"முற்றம் முழுக்கத் தொட்டிதான்!" என்று கத்தினாள் நாத்தனார். "ஒண்ணு இல்லை, மூணு தொட்டி!"

அதிகாரி ஜன்னலைப் பார்க்கவில்லை. லாண்ட்ரிக்காரியையே பார்த்தான். ஒரே தொட்டிதான். இரண்டு ஆள் படுக்கிற அளவு. அப்படிச் சொல்லிவிட்டால் லாரி நாலடி தள்ளி நின்று சுட்டுவிடும். மூன்று என்று பொய் சொன்னால் கடப்பாரையை வைத்துத் தட்டிப் பார்ப்பார்கள். பொய் அவளுக்கு எப்போதும் சரியாக வராது, காது சிவந்துவிடும்.

"எனக்குத் தெரியலை சார்," என்றாள். அது உண்மைதான். "கல்லும் மண்ணும் போட்டு மூடினேன்னு என் வீட்டுக்காரர் சொன்னார். இன்னைக்குத்தான் தெரியுது, மூடலைன்னு. வேற எங்கெங்க என்னென்ன மூடினேன்னு சொல்லி மூடாம விட்டாரோ, அவருக்குத்தான் தெரியும்."

"அப்போ அவரைக் கூப்பிடுங்க."

"அவர் இல்லை. போன வருஷம் உங்க வண்டி இங்கே வந்து சுட்டுட்டுப் போச்சு. கொடியில கிடந்த துணியை எடுக்க மேல வந்தார்."

அவள் கையைத் தூக்கி இடத்தைக் காட்டவில்லை. தேவைப்படவில்லை. எதிர்ச் சுவரில், இடிந்ததைக் கட்டிவிட்டுப் பூசாமல் விட்ட செங்கல் திட்டு எல்லோருக்கும் தெரிந்தது.

அதிகாரி தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. வண்டியோட்டி தொண்டையைச் செருமினார்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்தத் தரையை நம்பி நான் கால் இறக்க மாட்டேன். சுடும்போது இன்னொரு கால் இறங்குச்சுன்னா ராக்கெட் எங்கே போகும்? நம்ம ஆளுங்க மேலயே போகும்."

அதிகாரி அவரையே பார்த்தான். பிறகு ரேடியோவை எடுத்தான். எல்லோருக்கும் கேட்கும்படி, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னான்: "தரை தாங்கலை. கீழே பள்ளம் இருக்கு, எவ்வளவுன்னு தெரியலை. வண்டி இறங்கிடுச்சு. இந்த இடம் இனிமேல் லாயக்கில்லை. ஆமா... எப்பவுமே. பட்டியல்லேர்ந்து அடிச்சுடுங்க. மாற்று இடம் சொல்லுங்க."

ரேடியோ கரகரத்தது, யாரோ திட்டினார்கள், மறுபடி கரகரத்தது. மலைப்பக்கம் இருக்கிற பழைய கல்குவாரி என்று கேட்டது.

லாண்ட்ரிக்காரி மேஜையிலிருந்து இறங்கினாள். "எடுத்துக்கங்க," என்றாள்.

மேஜையின் கால்களைத் தட்டிக் கழற்றிப் பலகையைப் பள்ளத்தோரம் சொருகினார்கள். ஜாக்கி ஏறியது. பலகை ஒருமுறை பயங்கரமாக வெடித்தது, பாதியாகப் பிளந்தது, ஆனாலும் தாங்கியது. சிப்பாய்கள் தள்ள, கண்ணாடிக் கடைக்காரர் தள்ள, அடுத்த வீட்டுத் தையல்காரி தள்ள, கிரேன் லாரி முன்னாலிருந்து இழுக்க, லாரி முக்கி முனகி மேலே வந்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தெருவில் கெட்டியான தார் ரோட்டில் வைத்துப் பெட்டிகளை மாட்டினார்கள். வண்டியோட்டி ஏறி உட்கார்ந்து நாத்தனாரின் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தார்.

"போயிட்டு வரவான்னு கேட்காதே," என்றாள் நாத்தனார். "போன்னு மட்டும் சொல்லுவேன். பொண்ணுங்களைப் போய்ச் சேரு."

லாரி போயிற்று. மணமகளின் உடையில் ஒரு பக்கம் கிரீஸ் அப்பியிருந்தது. அதைத் தவிரச் சேதம் எதுவுமில்லை.

யாரும் வீட்டுக்குள் போகவில்லை. நின்று காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து, மலைப்பக்கமிருந்து, இரும்புக் கதவைத் தொடர்ந்து சாத்துவது போலச் சத்தம் வந்தது. பிறகு அமைதி. பிறகு பதில் வந்தது. அதுவும் மலைப்பக்கமே விழுந்தது. அங்கே கல்லைத் தவிர ஒன்றுமில்லை. லாரியும் அதற்குள் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் லாண்ட்ரிக்காரி. தொந்திக்காரர் மெதுவாக ஓட்டுகிற ஆளில்லை.

திறந்த ஜன்னல்கள் லேசாக ஆடி நின்றன. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

"இன்னைக்கும் வியாபாரம் இல்லை," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் ஒவ்வொரு வீட்டு ஜன்னலாகச் சாத்தினார்.

லாண்ட்ரிக்காரி பள்ளத்தின் ஓரத்தில் போய்க் குந்தினாள். சாய்வெயில் உள்ளே விழுந்திருந்தது. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. உடைந்த ஹேங்கர்கள், கட்டில் ஸ்பிரிங்குகள், அடி கருகிய இஸ்திரிப் பெட்டிகள், ஒரு பழைய சைக்கிளின் பின்சக்கரம். எல்லாவற்றுக்கும் மேலே, மழையில் நனைந்து பாறையாக இறுகிப்போன ஒரு சிமென்ட் மூட்டை, வாய்கூடத் திறக்காமல். சிமென்ட் பத்தவில்லை, கடைக்காரன் ஒரு மூட்டை குறைத்துவிட்டான் என்று அவன் குதித்த குதி அவளுக்கு நினைவு வந்தது. மூட்டையை மழையில் விட்டுவிட்டு, அவள் திட்டுவாள் என்று பயந்து, தொட்டிக்குள் போட்டு, மேலே ஒரு பூச்சுப் பூசி மறைத்திருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ வேறாக மாறியது. அதையும் அவள் நிறுத்தவில்லை.

"என்னடி அங்கே?" என்றாள் நாத்தனார். "என்ன இருக்கு உள்ளே?"

"உங்க தம்பி பண்ணின வேலை இருக்கு அக்கா. ஒரு கல்லுகூடப் போடலை. குப்பையைப் போட்டு மூடியிருக்கார்."

ஜன்னலுக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். குப்பையைக் கூட்டிப் பாய்க்கு அடியில தள்ளுவான். எத்தனை அடி வாங்கியிருக்கான் என்கிட்ட," என்றாள் நாத்தனார். "நல்லா அடிச்சுத் திருத்தியிருந்தேன்னா, இன்னைக்கு நாம இருக்க மாட்டோம்."

கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, நாளைக்கு ஆளை விட்டு ரெண்டு வண்டி மண்ணு கொண்டாறேன். நல்லா கெட்டியா மூடிடலாம். யாராவது விழுந்து வைக்கப்போறாங்க."

"மூடுறதா?" நாத்தனாரின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. "ஒரு பிடி மண்ணு போட்டுப் பாரு, கையை ஒடிச்சிடுவேன்! அது அப்படியே இருக்கட்டும்!"

லாண்ட்ரிக்காரி பிளந்து கிடந்த மேஜைப் பலகையை இழுத்துவந்து பள்ளத்தின் மேல் போட்டாள். தழும்புகள் மேல்பக்கம் இருக்கும்படி பார்த்துப் போட்டாள். பலகை பாதிப் பள்ளத்தைத்தான் மூடியது. நின்று பார்த்தாள். இதற்கு மேல் மூட வேண்டியதில்லை என்று தோன்றியது. கொடியில் விரிப்புகள் காய்ந்துவிட்டனவா என்று தொட்டுப் பார்க்கப் போனாள்.